காமிரா கையில், கண் எங்கே?

எங்கள் இல்லத்தில் பழைய ஆல்பம் ஒன்று உண்டு. கறுப்பு அட்டைகளில், மூலைக்கு ஒன்றாகச் சிறு முக்கோணங்கள் வைத்து, இடையிடையே மெல்லிய எண்ணெய்த்தாள் விரித்து, அத்தா பொறுமையாக ஒட்டி வைத்தது. அதைப் புரட்டினால் முப்பது ஆண்டுப் பெருநாள்கள் வரிசையாக நிற்கும். எல்லாப் படங்களிலும் புத்தாடை. எல்லாப் படங்களிலும் வாசற்படியில் உயர வாரியாக ஒரே அணிவகுப்பு. முற்பகல் வெயிலில் கண் கூசிச் சுருங்கிய அதே முகங்கள். ஆண்டு மாறியதைச் சட்டைக் காலரின் நீளத்தைக் கொண்டுதான் கண்டறிய வேண்டும்.

அந்த ஆல்பத்தில் எங்கள் நன்னிமா தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்று. ஹஜ் பயண விண்ணப்பத்திற்காக ஸ்டுடியோவில் எடுத்த, தபால்தலையைவிடச் சற்றே பெரிய படம். நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாள் காலையும் முற்றத்துத் தூணருகே அமர்ந்து முறத்தில் அரிசி புடைத்தவர் அவர். கிழக்கு வெயில் சாய்வாக இறங்கும். தவிடு பொன்தூளாய் எழும். அவருடைய கைகள் இரண்டும் அந்த ஒளிக்குள் போய்ப் போய் வரும். அந்தக் காட்சி எங்கள் வீட்டார் அனைவரின் நினைவிலும் இருக்கிறது, படத்தில் இல்லை. காமிரா இல்லாத குறையன்று. அலமாரியின் இரண்டாம் தட்டில் காமிரா இருந்தது. அது படம் எடுக்கத்தக்க காட்சி என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அத்தாவின் காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்கு 36 படங்கள். கழுவும் கூலி, அச்சிடும் கூலி எல்லாம் கணக்கிட்டு, பெருநாளுக்கென்று அவர் சேமித்து வைத்ததில் நியாயம் உண்டு. இன்றோ வீட்டுக்கு மூன்று நான்கு கைப்பேசிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றைத் தள்ளிப் பாருங்கள்: அதே அணிவகுப்பு, அதே உச்சி வெயில், கூடுதலாக விருந்துத் தட்டுகள். கருவி எல்லை கடந்து வளர்ந்துவிட்டது. பார்வை வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

காண்பதும் கருதுவதும்

பார்வை என்பது பிறவியிலேயே வாய்த்துவிடுவது, அதைப் பழக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறியவர் இப்னுல் ஹைஸம். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த இப்பேரறிஞர் எழுதிய ‘கிதாபுல் மனாஸிர்’ ஏழு பகுதிகளைக் கொண்ட ஒளியியல் நூல். இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை நிகழ்கிறது என்று யூக்ளிடும் தாலமியும் கருதியிருந்தனர். அவ்வாறன்று, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று இவர் நிறுவினார். சிறு துளையிட்ட இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. மற்றவை அப்படியே நின்றன. ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பாமல் துளை வழியே நேராகச் செல்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காமிரா என்னும் சொல் ‘கமரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், காமிராவையே இப்னுல் ஹைஸம்தான் கண்டுபிடித்தார் என்றும் நம்மவர்கள் சிலர் எழுதி வருகின்றனர். இரண்டும் சரியல்ல. இலத்தீனில் ‘காமிரா’ என்றால் அறை. ‘இருட்டறை’ என்னும் தொடரின் எச்சமே இன்றைய பெயர். துளை வழியே உருவம் விழுவதும் அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அவரைப் பெருமைப்படுத்த இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை. நூலில் உள்ளதே போதும்.

நமக்கு இங்கு வேண்டியது அந்நூலின் இரண்டாம் பகுதி. கண் ஒரு பொருளை இரு வகையாக அறிகிறது என்கிறார் அவர். ஒன்று, பார்த்த மாத்திரத்தில் அறிவது. முன்பே பழகிய பொருளாயின், ஓரிரு அடையாளங்களைக் கண்டதும் மனம் ‘இன்னது’ என்று முடிவு கட்டி நகர்ந்துவிடும். மற்றொன்று ‘தஅம்முல்’: நின்று, பகுதி பகுதியாக நோக்கி, ஒப்பிட்டு, ஆராய்ந்து அறிவது. பொருளின் உண்மையான வடிவம் இரண்டாவதில்தான் கிட்டும். நன்னிமா எங்களுக்கு மிகவும் பழகியவர். ஆகவே பார்த்த மாத்திரத்தில் ‘நன்னிமா அரிசி புடைக்கிறார்’ என்று அறிந்து, அதோடு நகர்ந்துவிட்டோம். படம் எடுக்கும் கலையில் காமிராவை இயக்கக் கற்பது சில நாள் வேலை. தஅம்முலைக் கற்பதுதான் ஆண்டுக்கணக்கில் நீள்வது.

சேலம் மாவட்டத்துக்கு வந்த முதற்கண்களில் ஒன்று

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக முந்தைய ஆண்டு நியமிக்கப்பட்டவர். மருந்துகளும் காகிதங்களும் பெரிய மரக்காமிராவும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு 1858 ஏப்ரல் வரை திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அந்தப் பயணத்தின் பயனாக வெளிவந்த தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டம் அவ்வளவு பரந்தது. நாமக்கல் மாவட்டம்கூட 1997இல்தான் தனியே பிரிந்தது.

டிரைப் பயன்படுத்தியது பெரும்பாலும் காகித நெகடிவ். மெழுகேற்றி ஒளி ஊடுருவச் செய்த தாள். ஏறத்தாழ பத்துக்குப் பதினைந்து அங்குலம். பதிவதற்கு நொடியன்று, நிமிடங்கள் தேவை. வெயிலில் மருந்து கெடும், தூசி ஒட்டும், ஒரு தாள் வீணானால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை பாடுபடுகிறவன் கண்ட இடத்தில் நின்று கண்டதை எடுக்க மாட்டான். எங்கே நிற்பது, எந்நேரத்தில் நிற்பது, சட்டத்தின் ஓரத்தில் எது வருவது, எது வராமலிருப்பது என்பதையெல்லாம் முன்னமே தீர்மானிப்பான். நில அளவைப் பயிற்சியின் ஒழுங்கு டிரைப்பின் படங்களில் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கியவர் அவர்.

அக்காலத்து மருந்து நீல நிறத்தை மிகையாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். டிரைப் தூரிகை எடுத்து நெகடிவிலேயே மேகங்களைத் தீட்டினார். இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் வானத்தை மாற்றும்போது அதைப் புதிய வித்தை என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு குறையைத்தான் அவரால் சரிசெய்ய இயலவில்லை. நீண்ட நேரப் பதிவில் அசைகிற எதுவும் நிற்பதில்லை. அவருடைய படங்களில் பெரும்பாலும் கோட்டைகள், குன்றுகள், கோபுரங்களே உள்ளன; மனிதர் அரிது. அன்று அந்தப் பாதைகளில் நடந்த உழவரும் வணிகரும், தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களும் படத்தில் இல்லை. கல் நின்றது, மக்கள் கரைந்துபோயினர்.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் இது என்று கருதி அந்தப் பணியையே நிறுத்தச் செய்தார். டிரைப் அதன்பின் தொடர்ந்து படமெடுக்கவில்லை. இன்று அந்தப் படங்கள் இலண்டன் அருங்காட்சியகங்களில் பொக்கிஷமாகக் காக்கப்படுகின்றன. ‘படமெல்லாம் வீண் செலவு’ என்ற பேச்சு நம் வீடுகளில் எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளுநர் நினைவுக்கு வருவார்.

வெண்மையின் பாடம்

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியிலோ இராசிபுரம் வழியிலோ காலையில் செல்பவர்கள் ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்களைக் கண்டிருப்பார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பால் எடுத்து, மாவைப் படியவைத்து, குருணையாக்கி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் விரித்திருப்பார்கள். கண்ணுக்கெட்டிய வரை வெண்மை. புகைவண்டியில் போகிற வெளியூர்க்காரரும் படம் எடுக்க ஆசைப்படும் காட்சி. எடுத்துப் பார்த்தால் களம் வெள்ளையாக இராது. அழுக்கேறிய வேட்டி போல் மங்கிச் சாம்பலாக இருக்கும்.

காரணம் எளிது. காமிராவின் ஒளிமானிக்கு வெண்மை தெரியாது. தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறத்தையே உலகத்தின் சராசரி என்று நம்பும்படி அதைச் செய்திருக்கிறார்கள். வெண்களத்தைக் கண்டால் ‘ஒளி மிகுந்துவிட்டது’ என்று அஞ்சிக் குறைத்துவிடும். எடுப்பவர்தான் ‘இது வெள்ளையே’ என்று அதற்குச் சொல்ல வேண்டும். கைப்பேசியாயின் திரையில் களத்தைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் போதும். பெரிய காமிராவில் ஒளியளவை ஒரு படி, சில வேளைகளில் ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். கறுப்புக்கு இதுவே தலைகீழ்ப் பாடம். கறுப்புப் புர்கா அணிந்த பெண்மணியைக் காமிராவின் போக்கிலேயே விட்டு எடுத்தால் துணி சாம்பலாகும், முகம் வெளிறிப்போகும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும்.

இது கருவியின் பாடம். கண்ணின் பாடம் இதற்குப் பிறகு வருவது. நான் முதன்முறை அத்தகைய களம் ஒன்றுக்குச் சென்றது நண்பகலில். வெண்மை இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆலைப் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே, “விடியக்காலம் வாங்க பாய், இப்ப என்ன தெரியும்?” என்றார். மறுவாரம் ஆறரை மணிக்குச் சென்றேன். சூரியன் தரையோடு படுத்திருந்தது. ஜவ்வரிசியைக் கிளறிவிட்ட தடங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நிழலும் மறுபக்கம் ஒளியுமாக, உழுத வயல் போல் எழுந்து நின்றன. தலையில் துண்டு கட்டிய பெண்கள் வெறுங்காலோடு அந்த வரிகளுக்கிடையே நடந்தார்கள். களம் அதே களம். நேரம் ஒன்றுதான் மாறியிருந்தது. தினம் பத்து மணி நேரம் அங்கே நிற்கிறவருக்கு ஒளியைப் பற்றித் தெரிந்தது, காமிரா சுமந்து வந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளிலும் இதே போன்ற அனுபவம். முதற்பார்வை முழு லாரியையும் கேட்கும். வண்ணமெல்லாம் வந்துவிட வேண்டும் என்று தவிக்கும். வந்த படத்தில் எல்லாம் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றும் இராது. சாரப் பலகையில் குந்தி எழுத்து வரைகிறவரின் மணிக்கட்டையும், எழுத்தின் அடியில் அவர் இழுத்து வைத்த சுண்ணாம்புக் கோட்டையும் மட்டும் சட்டத்துக்குள் விட்டுப் பாருங்கள். பட்டறையின் கூரை நிழலில் நிற்பவரை வெளி வெயிலைப் பின்னணியாக்கி எடுத்தால் அவர் கரிய உருவமாகிவிடுவார். இரண்டடி நகர்ந்து, லாரியின் இருண்ட பக்கம் அவருக்குப் பின்னால் வருமாறு நின்றால் முகம் தெளியும். செலவில்லாத திருத்தம், கால் நகர வேண்டும், அவ்வளவே.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களின் வேலை மேசை வேறொன்றைக் கற்பிக்கும். வெள்ளிக்கென்று சொந்த நிறம் இல்லை. எதிரில் இருப்பதைக் காட்டும். கொலுசை எடுக்க விரும்புகிறவர் கொலுசை அல்ல, அதன் எதிரே உள்ள சுவரைச் சீர்செய்ய வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் போதும்.

ஜன்னலோரம்

இந்த ஊருக்குக் காமிரா புதிதன்று. ஏற்காடு அடிவாரச் சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்க்காத சேலத்தார் இலர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்து வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமாகிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961இல் வந்ததும் அந்நிறுவனத்திலிருந்தே. அது முஸ்லிம் குடும்ப வாழ்வைச் சொன்ன கதை என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவையெல்லாம் விளக்குகளை அடுக்கி ஒளியைப் படைத்த காலம். பின்னாளில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, இருக்கின்ற ஒளியைக் கொண்டே வீட்டுக்குள் படம் பிடித்துக் காட்டினார். 1988இல் வந்த ‘வீடு’ படத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

வீட்டுப் பெண்கள் படம் பழகுவதற்கு வெளியே எங்கும் அலைய வேண்டியதில்லை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரேயொரு ஜன்னலைத் திறந்து, அதன் பக்கவாட்டில் ஒருவரை அமரச் செய்யுங்கள். முகத்தின் ஒரு பாதி துலங்கும். மறுபாதி மென்னிழலில் இருக்கும். நிழல் மிகக் கடுமையாகத் தோன்றினால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் போதும். நிக்காஹ் வீடுகளில் நெற்றி மின்ன, பின்சுவரில் பூதம் போல் நிழல் விழ எடுக்கும் பிளாஷ் படங்களைக் கண்டு பழகியவர்களுக்கு இது முதலில் இருட்டாகத் தோன்றும். பழகினால் தெளிவாகும்.

நிக்காஹ் வீட்டைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகள் இக்கட்டுரையின் பொருளல்ல. ஆனால் எல்லோரும் ஒப்பும் ஒழுக்கம் ஒன்று உண்டு. எடுக்கும் முன் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் காமிராவைத் தாழ்த்திவிட வேண்டும். பெண்கள் கூடியிருக்கும் பகுதியில் எடுத்த படம் எடுத்தவரின் உடைமையல்ல, அமானிதம். அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, ‘நம் சொந்தங்கள்தானே’ என்று சொல்வது நியாயமாகாது. மையித் வீட்டில் கைப்பேசியை உயர்த்தும் கைகளைப் பற்றி எழுதவே கூசுகிறது. எதை எடுக்காமல் விடுவது என்று அறியாத கண் இன்னும் பழகாத கண்.

ஒரே இடம், முப்பது நாள்

எனக்குப் பயன்பட்ட ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். நாமக்கல்லில் தங்கியிருந்தபோது மொட்டைமாடியின் ஒரு மூலையில் நின்று, ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள அந்த ஒற்றைக்கல் குன்றையும் அதன்மேல் உள்ள கோட்டையையும் நாளுக்கு ஒரு படம் வீதம் எடுத்தேன். இரண்டாவது படத்துக்கு எனக்கே அனுமதி இல்லை. முதல் பத்து நாள் படங்களும் அச்சடித்தாற்போல் ஒன்றுபோலவே இருந்தன. இது வீண் வேலை என்று விட்டுவிடவும் எண்ணினேன். பதினோராம் நாள் மாலையில்தான் குன்றின் நிழல் ஊரின் மேல் மெல்ல ஊர்ந்து வருவதைக் கண்டேன். எத்தனையோ முறை அவ்வூரில் தங்கியிருந்தும், அந்த நிழல் எந்தத் தெருவரை நீளும் என்று நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து குன்றை விட்டுவிட்டு நிழலைப் படம் எடுக்கலானேன். கோடையில் வெப்ப மங்கலில் வெளிறிக் கிடக்கும் பாறை, ஐப்பசி மழைக்கு மறுநாள் கழுவி வைத்தாற்போல் கருமையாக அருகில் வந்து நிற்பதையும் பின்னர் கண்டேன். சங்ககிரியில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய மலை இருக்கிறது. இராசிபுரத்தாருக்குக் கொல்லிமலையின் விளிம்பு இருக்கிறது. மலையே இல்லாதவர்களுக்கு வீட்டு முற்றம்.

இதை என் தங்கை மகளிடம் சொன்னேன். கல்லூரிக்குச் செல்லும் பெண். கைப்பேசியை விட்டு அகலாதவள். அவள் மலையை எடுக்கவில்லை. காலையில் சமையற்கட்டு ஜன்னலருகே முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த என் அம்மாவை, அதாவது அவளுடைய நன்னிமாவை, நாளுக்கு ஒன்றாக எடுத்திருக்கிறாள். இரண்டு வாரம் கழித்துக் காட்டினாள். முதல் சில படங்களில் முகம், சிலிண்டர், சுவரில் மாட்டிய நாள்காட்டி எல்லாம் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிப் படத்தில் இரண்டு கைகளும், ஒளிபட்ட கீரைக் காம்பும், முறத்தின் விளிம்பும் மட்டும் இருந்தன. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “என்னம்மா இது, கை மட்டும் இருக்கு. என்னைக் காணோமே?” என்றார்.

“நீங்கதான் நன்னிமா அது” என்றாள் அவள்.

அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. மறுநாள் காலை யாரும் அழைக்காமலே, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முறத்தோடு ஜன்னலோரம் வந்து அமர்ந்தார். அந்தப் படத்தில் வெளிச்சம் சற்று மிகுந்துவிட்டது. சேலையின் ஒரு பக்கம் வெளிறிப்போயிற்று. இருந்தாலும் அதைத்தான் அச்சிட்டு வாங்கினோம். அத்தாவின் ஆல்பத்தில் கடைசி இரண்டு அட்டைகள் இன்னும் காலியாக இருக்கின்றன. அந்தச் சிறு முக்கோணங்களைத்தான் இப்போது எந்தக் கடையில் கேட்பது என்று தெரியவில்லை.